மனச்சுமையை இறக்கி வைப்போம்

பால்மரம் வெட்டுபவருக்கு உடல் நோவு மட்டும்தான் உண்டு என்றும், நாற்காலியில் அமர்ந்திருக்கும் கிராணிக்கு அதுகூட இல்லை என்றும் பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் தவறு. மழை பெய்தால் வெட்டு நிற்கும். கடைக் கடன் நிற்காது. மாத முடிவில் கணக்கு முடியாவிட்டால் மேலிருந்தும் ஏச்சு, கீழிருந்தும் ஏச்சு. இந்தக் கவலை வேலைக் காட்டோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்கு வந்து மனைவி மக்கள் மீது கோபமாக இறங்குகிறது.

அந்நாளில் இதற்கு மருந்தென்று தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்தார்கள். அது கவலையைத் தீர்க்கவில்லை, சம்பளத்தைத் தீர்த்தது. அதனால்தான் 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினர். கள்ளுக்குப் பதில் சம்சு வந்தாலும் பாடம் ஒன்றே.

பின் என்ன செய்வது? காசு செலவில்லாத வழிகள் உண்டு.

முதலாவது, தூக்கம். விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். எழும் நேரத்தை மாற்ற முடியாது. படுக்கும் நேரத்தை மாற்றலாம். 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நாலரைக்கு எழுபவர் ஒன்பது மணிக்கே கைத்தொலைபேசியை அணைத்துவிடட்டும்.

இரண்டாவது, கணக்கு. மனத்தில் வைத்த கடன் இரவில் வளரும். தாளில் எழுதினால் அதன் அளவு தெரியும். எதை முதலில் அடைப்பது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது கிராணிமார் கடமை.

மூன்றாவது, ஓய்வு. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு 1955-ம் ஆண்டு வேலைச் சட்டம் தந்த உரிமை. 2023 ஜனவரி முதல் வார வேலை நேர வரம்பும் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. அந்த நாளைப் பிள்ளைகளோடு கழியுங்கள்.

நான்காவது, பேச்சு. நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் சோறும் இறங்காவிட்டால் அரசாங்க மருந்தகத்துக்குப் போங்கள். இதில் வெட்கம் இல்லை.

ஆனால் தோழர்களே, எல்லாச் சுமையும் இவற்றால் இறங்கிவிடாது. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கூலி தரவேண்டும் என்பது சட்டம். அது பிந்தினால், பொறுமையைப் போதிப்பது மருந்தாகாது. தோட்டக் கமிட்டியிடம் வாருங்கள். தனியே புழுங்கினால் அது கவலை. சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அது கோரிக்கை.