சிற்றூர் வளர்த்த நாடக மன்றம்

கலை என்பது தலைநகரில் தோன்றிச் சிற்றூர்களை நோக்கி வழிந்து வருவது என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. நகரத்தார் ஆடுவர், சிற்றூரார் கண்டு மகிழ்தலோடு அமைவர் என்பது அவர் துணிபு. இத்துணிபு பொருந்தாது என்பதற்குக் கருநாடகத்தில், சிவமொக்க மாவட்டம் சாகர வட்டத்திலுள்ள ஹெக்கோடு என்னும் ஊர் சான்றாக விளங்குகின்றது.

பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில், 1949-ஆம் ஆண்டில் இளைஞர் சிலர் கூடி ஒரு நாடக மன்றம் நிறுவினர். இறைவன் திருப்பெயரால் அதற்கு 'நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம்' எனப் பெயரிட்டனர். அந்நெடும் பெயரைச் சுருக்கி 'நீநாசம்' என வழங்குவர். தமிழ்ச் செவிக்கு இஃது அமங்கலச் சொல்லாக ஒலிப்பினும், அம்மன்றம் செய்தது முற்றும் ஆக்கமே.

அவ்விளைஞருள் தலைநின்றவர் கே. வி. சுப்பண்ணா. மைசூர் மகாராசாக் கல்லூரியில் பயின்ற அவர், அக்கல்வியைக் கொண்டு நகரத்தில் உயர்பதவி தேடியிருக்கலாம். அவரோ ஊர் திரும்பினார். தோட்டத்தையும் பேணினார், நாடகத்தையும் பேணினார், நூல் வெளியீட்டகம் ஒன்றையும் நடத்தினார். பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்தவர்களே மாலையில் ஒப்பனை புனைந்து அரங்கேறினர். தம் அண்டை வீட்டாரை அரசராகவும் அமைச்சராகவும் கண்ட ஊரார், நாடகம் தமக்கும் உரியது என உணர்ந்தனர்.

அம்மன்றத்தார் நடிகரை மட்டும் ஆக்கவில்லை, காண்போரையும் ஆக்கினர். இதுவே அவர்தம் பணியில் தலையாயது. 1970-களில் திரைப்படக் கழகம் அமைத்து, உலகின் சிறந்த படங்களை உழவர்க்குக் காட்டினர். எழுத்தறிவு குறைந்தோர்க்கு அயல்நாட்டுப் படம் விளங்குமா என ஐயுறுவார் உண்டு. புராணக் கதைகளை விடியுமளவும் கண்டு, குறையும் நிறையும் கூறிப் பழகிய மக்களின் சுவையுணர்வை அவர் அறியார். 1980-இல் நாடகப் பயிற்சிக் கூடமும், 1985-இல் 'திருகாட்ட' என்னும் ஊர்சுற்றும் நாடகக் குழுவும் தோன்றின. அக்குழுவினர் ஊர்தோறும் சென்று, சேக்சுபியர் முதலியோரின் நாடகங்களைக் கன்னடத்தில் நடித்தனர். 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

வெளியார் பொருளுதவியாலும் தனியொருவர் ஆற்றலாலும் வளர்ந்ததை ஊரின் வளர்ச்சி எனல் தகுமோ என்று சிலர் வினவுவர். உதவி கிடைத்தது மெய்யே. ஆனால் மன்றம் தோன்றிப் பல்லாண்டு கழிந்த பின்னரே பெரும்பொருள் வந்தது. வேரூன்றிய மரத்துக்கே அந்நீர் பாய்ந்தது. சுப்பண்ணா 2005-இல் மறைந்தார், மன்றம் மறையவில்லை.

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றும் நம் நாட்டின் நிலையை இதனோடு ஒப்பிடுதல் வேண்டும். சங்கரதாசு சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அத்தகைய குழுக்கள் ஊர்தோறும் கொட்டகையிட்டு நாடகம் நடத்தின. அவற்றின் இசையும் நடிப்பும் குறைவுடையன அல்ல. ஆயினும் குழு வந்தது, ஆடியது, சென்றது. ஊரார் கட்டணம் செலுத்திக் கண்டதோடு அமைந்தனர். பின்னர்த் திரைப்படம் ஓங்கியது, குழுக்கள் கலைந்தன, கொட்டகைகள் படக் கொட்டகைகள் ஆயின. நடிப்போர் தம்முள் இல்லாமையால் பல ஊர்களுக்கு நாடகமே இல்லாது போயிற்று. வடமாவட்டங்களில் தெருக்கூத்து இன்றும் நிலைத்திருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். அங்கே பாரதக் கூத்து ஊர்த் திருவிழாவின் ஓர் உறுப்பு. அதனை நடத்தும் பொறுப்பும் ஊராருடையது.

இன்று நம் சிறு நகரங்களில் திருமண மண்டபங்கள் பல உள. ஊர் மக்கள் தாமே நாடகம் பயில ஓர் இடம் அரிது. பள்ளி ஆண்டு விழாவில் ஒருநாள் நடித்த மாணவன், பள்ளியை விட்டபின் நடிக்க விரும்பின் சென்னைக்கே செல்ல வேண்டியுள்ளது. அவனைத் தன்னிடத்தே நிறுத்திக்கொள்ள ஹெக்கோட்டுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியிருக்கவில்லை. மாலைதோறும் கூடச் சிலரும், அவர் ஆட ஒரு மேடையும், பொறுமையோடு காண ஓர் ஊரும் முதற்கண் போதியனவாயிருந்தன.