ஃப்ரிட்ஜுக்குள் பைக் சாவி

இப்போது வரும் குறும்படங்கள் பார்ப்பதற்கு ஜோராக இருக்கின்றன. பின்னணி மங்கலாகி முகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. சாயங்கால வெயில் முற்றத்தில் சரியாக விழுகிறது. ட்ரோன் ஊரையே ஒரு சுற்று சுற்றி வருகிறது. அப்புறம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி பேச வாயைத் திறக்கிறார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால், ‘ராத்திரி சீன் போல’ என்று பார்ப்பவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஃபோகஸ் போனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது காதில் விழவில்லை என்றால் மட்டும் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார்கள். இது தெரிந்தும் கேமரா வாடகைக்கும் லென்ஸ் வாடகைக்கும் பணத்தை இறைத்துவிட்டு, சவுண்டுக்கு என்று எதையும் ஒதுக்காத டீம்கள்தான் அதிகம். ‘அதான் கேமராவிலேயே மைக் இருக்கே!’

சிக்கலே அங்கேதான். கேமராவில் மைக் இருக்கிறது. கேமராவோ பத்தடி தள்ளி நிற்கிறது.

ஒலிக்கு ஒரு பிடிவாதமான குணம் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால், வாயிலிருந்து நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறைந்துவிடும். திருப்பிப் பார்த்தால், பத்தடியில் இருக்கும் மைக்கை இரண்டரை அடிக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபல் கூடும். ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த மைக்கைக் கேமராவின் தலையில் மாட்டினாலும் இந்த இடைவெளி கிடைக்காது. உள்ளங்கை அளவு டிஜிட்டல் ரெக்கார்டரின் பெரிய பலம் அதன் துல்லியம் அல்ல. கேமராவை விட்டுப் பிரிந்து பேசுகிறவர் பக்கத்தில் போய் உட்கார முடிகிறதே, அதுதான்.

இந்தியாவில் பேசும் படம் பிறந்ததே நேரடி ஒலியோடுதான். 1931-ல் வெளியான ‘ஆலம் ஆரா’வுக்குத் தனியாக டப்பிங் கிடையாது. நடிகர்கள் பேசியதும் பாடியதும் அங்கேயே, அப்போதே பதிவானது. ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளம். பகலில் ரயில் சத்தம் விடாது. அதனால் பெரும்பகுதி ரயில் ஓடாத நள்ளிரவில் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘காளிதாஸ்’ தொடங்கி நம்முடைய ஆரம்பகாலப் பேசும் படங்களும் அப்படித்தான். செட்டுக்குள் ‘சைலன்ஸ்!’ என்று கத்தியதற்கு அன்றைக்கு உண்மையான அர்த்தம் இருந்தது.

பிறகு கேமரா ஸ்டுடியோவை விட்டு வெளியே கிளம்பியது. தூக்கிக்கொண்டு ஓட வசதியாக வந்த ஆரி கேமராக்கள் தையல் மெஷின் மாதிரி கடகடத்தன. வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேறு. எதற்கு வம்பு, முதலில் படத்தை எடுப்போம், குரலை அப்புறம் ஏ.சி. அறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. தமிழ் சினிமா வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போனதில் டப்பிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் போன இடத்தின் சத்தத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நடித்தவரின் குரலையும் பல சமயம் விட்டுவிட்டோம். முகம் ஒருவருடையது, அழுகை இன்னொருவருடையது என்பது நமக்குப் பழகிப்போனது.

வெளிநாட்டுக்காரர்கள் அதே காலத்தில் வேறு வழியில் போனார்கள். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டீஃபன் குடெல்ஸ்கி, 1951-ல் மாணவராக இருந்தபோதே தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய டேப் ரெக்கார்டர் ஒன்றைச் செய்தார். பெயர் ‘நாக்ரா’. போலிஷ் மொழியில் ‘பதிவு செய்யும்’ என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு வந்த பல பத்தாண்டுகளில் அமெரிக்க, ஐரோப்பியப் படங்களின் வசனங்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் சுழன்றன.

இங்கே நேரடி ஒலி மறுபடி கவனத்துக்கு வந்தது ‘லகான்’ படத்தில். 2000-ல் கட்ச் பகுதியில் புஜ் நகருக்குப் பக்கத்தில், வறண்ட நிலத்தில் எடுத்த படம். அத்தனை பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு வசனத்தை அங்கேயே பதிவு செய்தார் நகுல் காம்டே. அந்தப் படத்தின் ஒலிக்கான தேசிய விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் நம் சென்னையின் ஹெச்.ஸ்ரீதர். 2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரசூல் பூக்குட்டி, இயன் டாப், ரிச்சர்ட் பிரைக் என மூன்று பேர் மேடையேறி ஆஸ்கர் வாங்கினார்கள். மும்பைத் தெருவின் இரைச்சலுக்கு நடுவே பதிவான குரல்கள் அவை.

டப்பிங் என்றாலே மட்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. 68-வது தேசிய விருதுகளில், படப்பிடிப்புத் தளத்தில் பதிவான ஒலிக்கென்றே அப்போது இருந்த விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குக் கிடைத்தது. அது டப்பிங் செய்யப்பட்ட படம் என்று அதன் ஒலி வடிவமைப்பாளரே 2022-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நடுவர்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை! கைதேர்ந்தவர்கள் செய்தால் டப்பிங்கிலும் உயிர் இருக்கும். ஆனால் குறும்பட டீமின் பாட்டி கைதேர்ந்தவர் இல்லை. இயக்குநரின் சொந்தப் பாட்டி. திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே இயல்பாகப் பேசிய அதே வசனத்தை, கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உதட்டசைவு பார்த்துச் சொல்லச் சொன்னால், ஸ்கூல் பிள்ளை மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போலத்தான் வரும். அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. திண்ணையில் பிடித்தால்தான் உண்டு.

அதைப் பிடிக்கும் கருவி எளியவர்கள் கைக்கு வந்தது 2008-ஐ ஒட்டித்தான். கேனான் ஃபைவ்-டி மார்க் டூ கேமரா அந்த வருடம் வந்து, ஸ்டில் கேமராவிலேயே சினிமா எடுக்கலாம் என்று காட்டியது. ஒலியில் மட்டும் ஒரு கோளாறு. அளவை அது தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். யாரும் பேசாத நேரத்தில், ‘சத்தம் போதவில்லை போல’ என்று அதுவாக முடிவு செய்து கூட்டிவிடும். ஃபேன் சத்தம் ஹோவென்று எழும்பும். கையால் சரிசெய்யும் வசதி மென்பொருள் மாற்றமாக 2010-ல்தான் வந்தது. அதற்குள் 2009-ல் ஜப்பானின் ஜூம் நிறுவனம் ஹெச்-4-என் என்ற ரெக்கார்டரை இறக்கியது. (லாக்டவுனில் பிள்ளைகள் பாடம் படித்தார்களே, அந்த ஜூம் வேறு.) உள்ளேயே இரண்டு மைக், கீழே பெரிய மைக்குகளைச் செருக இரண்டு துளை, பேட்டரியில் ஓடும். குறும்பட உலகத்தில் பாதிப் பேர் அதை வைத்துத்தான் ஒலி பழகினார்கள்.

ரெக்கார்டரை வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ சுலபமான பகுதி. கஷ்டம் வீட்டுக்குள் காத்திருக்கிறது.

நம் வீடுகள் சும்மா இருப்பதே இல்லை. சீலிங் ஃபேன், மாடியில் மோட்டார், பக்கத்து வீட்டு மிக்ஸி, நாலாவது விசிலுக்குக் காத்திருக்கும் குக்கர், பழைய இரும்புக்காரரின் ஸ்பீக்கர், ஜன்னலில் காக்கா. நாள் முழுக்க இருக்கும் சத்தத்தைக் காது வடிகட்டிவிடும், மைக் வடிகட்டாது. அதனால் விவரம் தெரிந்த ஒலிப்பதிவாளர் வீட்டுக்குள் வந்ததும் முதலில் ரெக்கார்டரைத் திறப்பதில்லை. ஹாலின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். “அக்கா, ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கலாமா?” என்று கேட்பார். அக்காவுக்கு உள்ளே இருக்கும் மாவும் பாலும் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஷூட்டிங் முடிந்து எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்த கதைகள் நிறைய. அதற்கு உலகம் முழுக்க ஒலிப்பதிவாளர்கள் வைத்திருக்கும் ஒரு தந்திரம் உண்டு. ஆஃப் செய்யும்போதே வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே! சாவியை எடுக்கத் திறக்கும்போது சுவிட்ச் தானாக ஞாபகம் வரும்.

ஃபேனை நிறுத்தினால் மே மாதத்தில் நடிகர் வேர்த்துக் கொட்டுவார். ஆகவே ஷாட்டுக்கு மட்டும் ஆஃப், ‘கட்’ சொன்னதும் ஆன். கூடவே எல்லார் போனும் ஃப்ளைட் மோடில். மெத்தை, கம்பளி, பழைய ரஜாய் எல்லாம் கேமராவுக்குத் தெரியாத பக்கம் சுவரில் ஏறும். வெறும் சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும்தான் குரலைக் கிணறாக்குகின்றன. வெளியே போனால் பகை காற்று. வெறும் மைக்கில் மெல்லிய காற்றுகூட லாரி போவது மாதிரி பதிவாகும். புசுபுசு நாய்க்குட்டி போல ஓர் உறையை மைக்குக்குப் போட்டிருப்பார்களே, அது அலங்காரத்துக்கு இல்லை.

அளவு வைப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சினிமாவுக்கு வழக்கம் விநாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி. அளவுக்கு இடம் பிடிக்கும். இன்றைய மெமரி கார்டுக்கு அது பொருட்டே இல்லை. பேசும்போது மீட்டர் மைனஸ் 12 அருகே ஆடினால் போதும். சைபரைத் தொட்டால் குரல் கிழியும். கிழிந்ததைத் தைக்க வழியில்லை. நன்றாகக் கேட்கட்டுமே என்று ஏற்றி வைப்பவர்கள், பாட்டி திடீரென்று பேரனைக் கத்திக் கூப்பிடும் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இதற்கு மருந்தாக ‘32 பிட் ஃப்ளோட்’ ரெக்கார்டர்கள் வந்திருக்கின்றன. 2019-ல் ஜூம் எஃப்-6, பிறகு இன்னும் சிறியவை. கிசுகிசுப்பையும் கத்தலையும் ஒரே பதிவில் தாங்கும். அளவைப் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம். அருமையான வசதிதான். விளம்பரத்தைப் பார்த்தால் இனி யாரும் ஹெட்போனே மாட்ட வேண்டாம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். மைக் தூரத்தில் இருந்தால் 32 பிட்டிலும் கிணறு கிணறுதான். பட்டுப்புடவையில் காலர் மைக் உரசும் சத்தத்தை அது இன்னும் பத்திரமாகப் பதிவு செய்து தரும். ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே ஆக வேண்டும். இயக்குநரே அந்த வேலையையும் பார்ப்பது சரிப்படாது. அவர் காது கதையைக் கேட்கும், உரசலைக் கேட்காது.

பெட்டி வேறு, கேமரா வேறு என்றால் பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். கிளாப் பலகை அதற்குத்தான். கட்டைகள் மோதும் ஃபிரேமையும் ‘டக்’ என்ற ஒலியையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பலகை இல்லையென்றால் இரு கை தட்டினாலும் போதும். கேமரா அதைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நீளமான பதிவில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். நாலு ஃபிரேமுக்கு மேல். இரண்டு நிமிட ஷாட்டில் தெரியாது. கச்சேரியையோ நாடகத்தையோ முழுதாகப் பதிவு செய்கிறவர்கள் இடையிடையே கை தட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

ரெக்கார்டருக்குக் காசில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு காலர் மைக், பழைய போன் ஒன்று. போனை ஃப்ளைட் மோடில் போட்டு நடிகரின் சட்டைப்பையிலோ இடுப்பிலோ செருகிவிட்டால் அதுவே ரெக்கார்டர். பத்தடியில் நிற்கும் கேமரா மைக்கை அது சுலபமாகத் தோற்கடிக்கும்.

ஷாட் ஓகே ஆன பிறகு, ஒலிப்பதிவாளரின் இரண்டு சின்ன வேண்டுகோள்கள் பாக்கி இருக்கும். பசியில் நிற்கும் டீமுக்கு இரண்டுமே எரிச்சலூட்டும். ஒன்று, யாரும் அசையாமல் அரை நிமிடம் அந்த அறையின் ‘சும்மா இருக்கும் சத்தத்தை’ மட்டும் பதிவு செய்வது. ரூம் டோன் என்பார்கள். எடிட்டிங்கில் ஒரு இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடம் ஓட்டை மாதிரி கேட்கும். அதை அடைப்பது இதுதான். ஒவ்வோர் அறைக்கும் இது வேறு; கடன் வாங்க முடியாது.

இரண்டாவது, கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை ஓர் அடிக்குக் கொண்டுபோய், “பாட்டிம்மா, இப்ப சொன்னீங்கல்ல, அதையே இன்னொரு தடவை சும்மா சொல்லுங்க” என்று கேட்பது. கேமரா இல்லை என்றதும் பாட்டியின் தோள் இறங்கும். வசனத்தில் இல்லாத ஒரு ‘அடப்பாவி’ நடுவில் வந்து விழும். எடிட்டர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அந்தப் பதிவைத்தான். உதட்டசைவு கொஞ்சம் பொருந்தாத இடத்தில் பாட்டியின் முதுகுப்பக்க ஷாட்டைப் போட்டுக்கொள்வார்.