தீராத ஐயமும் தேடும் ஆறுதலும்

ஹந்தானைச் சரிவில் ஏறுவோர்க்கு மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இயல்பு. ஏற்றத்திலே தசைகளுக்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டியிருத்தலின், இதயம் விரைந்து இரத்தத்தைச் செலுத்துகின்றது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் பலர் இதனைப் பொருட்படுத்தாது சிரித்துப் பேசி ஏறுவதை நாம் காண்கின்றோம். ஆயின் அவர்களுள் ஒருவர், இப்படபடப்பை மாரடைப்பின் அறிகுறியெனக் கொண்டு, பாதி வழியில் அமர்ந்து நாடியை எண்ணத் தொடங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அச்சம் இதயத்தை மேலும் விரைவுபடுத்தும். அவ்விரைவு அச்சத்தை மேலும் வளர்க்கும். உடலில் நிகழ்ந்த மாறுதல் எல்லார்க்கும் ஒன்றே. மனம் அதற்குக் கற்பித்த பொருள்தான் வேறு.

இத்தகைய அச்சத்தை நகைப்புக்குரியதாகக் கருதுவது உலக வழக்கம். ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் வெளியிட்ட நகைச்சுவை நூலொன்றில், கதை சொல்பவர் வாசிகசாலையில் மருத்துவ நூலைப் புரட்டி, முழங்கால் நோய் ஒன்றைத் தவிர ஏனைய நோய்களெல்லாம் தமக்கு உண்டென முடிவு கட்டுகின்றார். இன்று அந்நூலினும் பன்மடங்கு பெரிய நூல் கைத்தொலைபேசி வடிவில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. சிரிப்புக்குரிய பகுதி இதனோடு முடிந்தது. சுவீடன் நாட்டிலே இவ்வச்சம் நோயாக முற்றியவர் 4129 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. ஏனையோரைவிட அவர்கள் விரைவில் இறந்தனர் என்பதும், அவர்களிடையே தற்கொலை மிகுதி என்பதும் அதனாற் புலனாயின. மரணத்துக்கு மிக அஞ்சியவர்களே முந்தி மடிந்தனர் என்றால், இதனை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிடல் தகுமோ?

இந்நோய் வளரும் வழியை ஆராய்வோம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவனுக்குத் தலைவலி வருகின்றது. மூளையிற் கட்டியோ என்று ஐயுறுகின்றான். அன்னையைக் கேட்கின்றான், "ஒன்றுமில்லை" என்கின்றார். மருந்துக்கடைக்காரரைக் கேட்கின்றான், அவரும் அவ்வாறே கூறுகின்றார். வைத்தியர் சோதித்துப் பார்த்து, கண் விழித்துப் படித்ததன் விளைவு இது என்கின்றார். அன்றிரவு நிம்மதியாக உறங்குகின்றான். மறுநாட் காலையில், "வைத்தியர் சரியாகப் பார்த்தாரா?" என்னும் வினா பிறக்கின்றது. மீண்டும் கேட்கின்றான்; மீண்டும் சிறிது நிம்மதி. இவ்வாறு ஆறுதல் பெறும் ஒவ்வொரு முறையும், பிறர் வாயினின்று வந்த சொல்லே தன்னைக் காத்தது என்று மனம் பழகிக்கொள்கின்றது. ஐயத்தைத் தானே தாங்கும் வலிமை குன்றுகின்றது. பிரித்தானிய அறிஞர் சல்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்னும் இருவரும் இச்சுழற்சியை 1986இலேயே எடுத்துக்காட்டினர்.

பரிசோதனைகளை அடுக்கினால் மனம் தெளியும் என்று எண்ணுவாரும் உளர். கடும் நோய் இருத்தற்கு வாய்ப்புக் குறைந்த 3828 பேரைக் கொண்ட 14 ஆய்வுகள் 2013இல் ஒருங்கே ஆராயப்பட்டன. பரிசோதனைகள் அவர்தம் கவலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. உடலைத் தாமே ஓயாது சோதிப்பதும் இத்தகையதே. கழுத்திலுள்ள சிறு கட்டியை நாளுக்குப் பலமுறை அழுத்திப் பார்த்தால், அழுத்தியதனாலேயே அவ்விடம் நோவும். அந்நோவு புதிய ஐயத்துக்கு வித்தாகும்.

இனி, செய்யத்தக்கது யாது? முதலாவது, உண்மையான அறிகுறியை அலட்சியஞ் செய்யலாகாது. நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு பக்கம் கை கால் திடீரெனச் சோர்தல், வாய் குழறுதல் ஆகியவை தோன்றின் கணமும் தாமதியாது 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். சுவசெரிய அவசர ஊர்தி கட்டணமின்றி வரும். காரணமின்றி உடல் மெலிதல், சளியில் இரத்தம், ஆறாத புண் ஆகியவற்றுக்கு வைத்தியரைக் காணல் அவசியம். ஆனால் நம்பிக்கைக்குரிய ஒரு வைத்தியரைத் தேர்ந்து, அவரிடமே தொடர்ந்து செல்லுதல் நன்று. ஐவரிடம் ஐந்து கருத்துக் கேட்பவர் ஐந்து கவலைகளுடன் திரும்புவர்.

இரண்டாவது, கேட்க வேண்டும் என்ற துடிப்பு எழும்போது அதனைச் சிறிது ஒத்திப்போடுக. முதலில் அரைமணி நேரம், பின்னர் ஒரு மணி, பின்னர் மறுநாள். துடிப்பு தானே தணிவதைக் கண்கூடாகக் காணலாம். ஐயத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை வைத்தியரைக் காணும்போது வினவலாம். நள்ளிரவிற் கைத்தொலைபேசியில் நோய்களைத் தேடும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும்.

மூன்றாவது, குடும்பத்தார் கடமை. "உனக்குப் பைத்தியமா?" என்று சினப்பதும் தீது, நாளுக்குப் பத்துமுறை "ஒன்றுமில்லை" என்று சத்தியஞ் செய்வதும் தீது. "தம்பி, உன் பயம் எனக்குத் தெரிகிறது. வைத்தியர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வா, தேநீர் குடிப்போம்" என்று ஓர் அன்னை கூறுவாராயின், அது அன்பும் ஆகும், மருந்தும் ஆகும். மைந்தன் முதலில் முகஞ் சுளிக்கக்கூடும். அதனைப் பொறுத்தல் வேண்டும்.

இவற்றால் தணியாத அச்சத்துக்கும் மருத்துவம் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகத் திருத்தும் உளச்சிகிச்சையை, இங்கிலாந்திலே பொது வைத்தியசாலை நோயாளர் 444 பேரிடையே ஆராய்ந்தனர். சில அமர்வுகளே நடந்த போதிலும், அதனால் வந்த நன்மை ஈராண்டுகளுக்குப் பின்னரும் நிலைத்திருந்ததென 2014இல் வெளியான முடிவு கூறுகின்றது. அச்சிகிச்சையைத் தாதியரும் பயிற்சி பெற்று அளித்தனர் என்பது கருதத்தக்கது. நம் நாட்டில், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். மனநல வைத்தியரை நாடுவது குடும்பத்துக்கு இழுக்கு என்னும் எண்ணத்தை நாம் கைவிடுதல் வேண்டும்.

நோய் ஒருபோதும் வாராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. அவ்வுறுதியைத் தேடித் தேடியே வாழ்நாளைச் செலவிடுவோர், கையிலுள்ள நல்ல நாட்களை நோயாளராகக் கழிக்கின்றனர். சிறிதளவு ஐயத்தோடு வாழக் கற்றுக்கொள்வதே உண்மையான சுகம். அக்கல்வியை இளமையிலேயே பெறுவோர் பேறு பெற்றவர்.