சித்தியின் குழு லோனும் ரிசர்வ் வங்கியின் ரெப்போவும்

"உங்க ரிசர்வ் பேங்க்ல வட்டியக் கொறச்சிட்டாங்களாமே, நம்ம குழு லோனுக்கு எப்பப்பா கொறையும்?"

2025 ஜூன் மாதம் மறைமலை நகரில் சித்தி இப்படிக் கேட்டார். நான் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்வதால் ரிசர்வ் வங்கியில் எனக்கும் ஏதோ பங்கு உண்டு என்பது அவர் நினைப்பு. "கொறையாது சித்தி" என்றேன். ஏன் என்று கேட்டார். அன்று சரியாகச் சொல்ல வரவில்லை.

ரெப்போ என்பது வங்கிகள் அரசுப் பத்திரங்களை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்கான வட்டி. அதைக் குறைத்தால் வங்கிகளுக்குப் பணம் மலிவாகும், அவை தரும் கடன் மலிவாகும், மக்கள் வீடும் வண்டியும் வாங்குவார்கள், வேலை பெருகும் என்பது கணக்கு. விலைவாசி ஏறினால் இதையே தலைகீழாகச் செய்வார்கள். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை மூன்று முறை குறைத்து 6.5 சதவீதத்தை 5.5 ஆக்கினார்கள்.

எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார். 30 லட்சம் கடன், 20 வருடம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் தரும் வீட்டுக் கடனை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டியாக வேண்டும். அதனால் அவருடைய வட்டி 8.5-இலிருந்து 7.5 ஆனது. தவணையில் மாதம் சுமார் 1,850 ரூபாய் மிச்சம்.

சித்தியின் கடன் 50,000 ரூபாய். 24 சதவீத நிலையான வட்டி, 24 மாதம், மாதத் தவணை ஏறக்குறைய 2,640 ரூபாய். ரெப்போவில் குறைந்த ஒரு சதவீதத்தை அந்த நிறுவனம் மனமிரங்கி முழுசாகத் தந்தாலும் தவணை 25 ரூபாய்தான் குறையும். இரண்டு டீக் காசு. இதைப் போட்டுப் பார்த்தபோதுதான் என் ஆய்வுக் கேள்வியே தவறோ என்று தோன்றியது. "வட்டிக் குறைப்பு ஏன் கீழே வரவில்லை" என்றே எங்கள் துறையில் கேட்டுப் பழகிவிட்டோம். 5.5-க்கும் 24-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை 2022 ஏப்ரலில் எடுத்ததும் இதே ரிசர்வ் வங்கிதான்.

பேராசிரியரிடம் ஈடு வைக்க வீடு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் வரையறைப்படி நுண்கடன் என்றால் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மிகாத குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தருவது. ஈடு இல்லை என்பது ஏட்டில்தான். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவின் மற்ற பெண்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். மானம்தான் அங்கே ஈடு.

நிலம் ஏன் இல்லை என்பதற்கு எங்கள் மாவட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் இங்குள்ள பறையர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்று இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அதை மீட்கக் காரணையில் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் இன்று வங்கி மேலாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருப்பார்.

வட்டி ஏறும்போது மட்டும் அது எங்களைத் தேடி வருகிறது. 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். அந்த மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 4-இலிருந்து 6.5-க்கு ஏற்றினார்கள். வட்டி ஏறினால் விற்பனை மந்தமாகும், ஆலை ஷிப்டைக் குறைக்கும். நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. கான்ட்ராக்ட் பையனை நாளைக்கு வராதே என்று சொல்ல ஒரு போன் போதும். அந்தப் பையன்கள் எந்தத் தெருக்களிலிருந்து போகிறார்கள் என்பதைக் காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் பார்த்தால் தெரியும். எல்லாப் பழியையும் வட்டி மேல் போடவும் முடியாது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்குள்ள ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோது ரெப்போ வெறும் 4 சதவீதம். மலிவுக் கடனால் அந்த ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை.

அப்படியானால் விலைவாசி எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட 'ரூபாயின் சிக்கல்' ஆய்வு நூலில் இதைப் பார்த்திருக்கிறார். ரூபாயின் மதிப்பு சரிந்தால் விலைகள் ஏறும், கூலி அதே வேகத்தில் ஏறாது, எனவே ஏற்றுமதியாளர் அடையும் லாபம் தொழிலாளியின் தட்டிலிருந்து போகிறது என்பது அவர் வாதம். நாட்டுக்கு லாபம் என்று சொன்னால் யாருக்கு லாபம் என்று கேட்டார். அதனால் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்கும் இலக்கை நான் ஆதரிக்கிறேன். 2024-இல் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை அந்த இலக்கிலிருந்து உணவு விலையை நீக்கலாம் என்று யோசனை சொன்னது. வருமானத்தில் பாதியைச் சோற்றுக்குச் செலவழிக்கும் வீட்டில் உணவை நீக்கிவிட்டு எந்த விலைவாசியை அளப்பது?

நான் கேட்பது வேறு. வட்டிக் குறைப்பு எவ்வளவு கைமாறியது என்று ரிசர்வ் வங்கி பொதுத்துறை வங்கி, தனியார் வங்கி, வெளிநாட்டு வங்கி எனப் பிரித்து வெளியிடுகிறது. பட்டியல் சாதியினர் சராசரியாக எத்தனை சதவீத வட்டி கட்டுகிறார்கள் என்றும் அதே அட்டவணையில் ஒரு வரி சேர்க்கட்டும். வங்கிகள் நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டிய 12 சதவீதக் கடனில் சிறு விவசாயி, கைவினைஞர், சிறுபான்மையினர், பட்டியல் சாதியினர் எல்லோரும் ஒரே மூட்டையில் கிடக்கிறார்கள். அந்த மூட்டையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் என்ன தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

2025 டிசம்பரில் ரெப்போ 5.25 ஆனது. அன்று சித்தி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிப்ரவரியில் வாங்கிய கடனில் பத்துத் தவணை முடிந்திருந்தது, பாக்கி பதினான்கு.