காஞ்சா போதுமா?

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவு இன்னமும் டார்க்ரூம்ல கருப்பு வெள்ளை பிரிண்ட் போடுற நாலு பேருக்கும், "இந்தக் காலத்துல எதுக்குய்யா இதெல்லாம்"னு கேக்குற மத்த எல்லாருக்கும். ரெண்டாவது கோஷ்டியும் கடைசி வரைக்கும் வாங்க மக்களே, உங்களுக்கும் ஒரு சேதி வெச்சிருக்கேன்.

எந்த லென்ஸ் உசத்தின்னு ராத்திரி முழுக்க சண்டை போடுறோம். டெவலப்பர் 20 டிகிரில இருக்கா 21-ல இருக்கான்னு தெர்மாமீட்டரையே முறைச்சுப் பாக்குறோம். அவ்வளவும் பண்ணிட்டு, கழுவி எடுத்த பிரிண்ட்டை பழைய நியூஸ் பேப்பர் மேல கவுத்துப் போட்டு, ஃபேனைச் சுத்த விட்டுட்டு டீ குடிக்கப் போயிடறோம். கேட்டா, "காஞ்சா போதும் சார்". இந்தக் 'காஞ்சா போதும்' கட்சியோடதான் என் சண்டை.

ஐயா, பிரிண்ட்டோட மேல்பக்கம் என்னன்னு நினைச்சீங்க? ஜெலட்டின். கடையில ஜெல்லி பண்றாங்களே, அதே சாமான். படமா நிக்கிற வெள்ளித் துகள் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. தண்ணில ஊறி வீங்கிப் போய், நகம் பட்டாலே கோடு விழுற நிலைமையில இருக்கும். அது மேல பேப்பரை வெச்சா பேப்பர் ஒட்டும், துணியை வெச்சா நூல் ஒட்டும், ஃபேனைப் போட்டா தூசி ஒட்டும். காஞ்சு இறுகினப்புறம் துடைச்சா போகாது. திரும்ப ஊற வெச்சா சில சமயம் தப்பிக்கலாம், சில சமயம் தோலோட உரிஞ்சு வரும்.

நண்பர் ஒருத்தர் 2014-ல காலமான அவங்க அம்மாவோட பழைய நெகடிவ் ஒண்ணைக் கொடுத்து பிரிண்ட் போட்டு வாங்கினார். போட்ட இடத்தோட பேர் வேண்டாம். டோன் எல்லாம் அருமை. ஆனா அம்மாவோட கன்னத்துல, கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பி விழுந்த எழுத்துல, ஒரு ஏல அறிவிப்பு! கேட்டதுக்கு, "ஸ்கேன் பண்ணி போட்டோஷாப்ல அழிச்சுக்கங்க"ன்னு பதில். நெகடிவ்தான் இருக்கே, அப்புறமா வேற இடத்துல போட்டுக்கலாம்னு இவரும் விட்டுட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்துல சைதாப்பேட்டை வீடு முழுகி நெகடிவ் போச்சு. ஊர்ல தங்கச்சி வீட்டு சுவத்துல மாட்டியிருந்த அந்த பிரிண்ட் ஒண்ணுதான் மிச்சம். இன்னைக்கும் அந்தம்மா கன்னத்துல ஏல அறிவிப்பு இருக்கு. காஞ்சா போதுமா, சொல்லுங்க.

அடுத்தது சூடு கட்சி. ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில். ஆர்.சி. பேப்பர்ல நடுவுல இருக்குற தாளுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. தண்ணி உள்ளே போகாது. மேலே நிக்கிற தண்ணியை வழிச்சு விட்டா கொஞ்ச நேரத்துல தானா காஞ்சிடும். இதுக்கு எதுக்கு சூடு? ஃபைபர் பேப்பர் அப்படி இல்ல, தாளே தண்ணி குடிக்கும். காயும்போது ஜெலட்டின் தாளை விட அதிகமா சுருங்குறதால படத்துப் பக்கமா சுருளும். அவசரப்பட்டு சூடு காட்டினா எண்ணெயில போட்ட அப்பளம்தான்.

"அந்தக் காலத்து ஸ்டுடியோவுல கிளேசிங் பண்ணலையா?"ன்னு ஒரு குரல் கேக்குது. பண்ணாங்க. பளபளன்னு இருக்குற குரோம் தகட்டுல ஈர பிரிண்ட்டைக் கவுத்து உருளையால அழுத்தி சூடு காட்டினா, காஞ்சதும் டக்குனு கழண்டு விழும், கண்ணாடி மாதிரி மினுக்கும். சாயங்காலமே பாஸ்போர்ட் போட்டோ கொடுக்கணும்னா வேற வழி கிடையாது, அவங்களைக் குறை சொல்லல. ஆனா தகட்டுல ஒரு கீறல் இருந்தா அது பிரிண்ட்டுக்கும் வரும். நடுவுல காத்து மாட்டினா பொட்டு விழும். ஏறுக்குமாறா காஞ்சா கிளிஞ்சல் மேல இருக்குற மாதிரி வரி வரியா வளையம். சரியாக் கழுவாத ஒரு பிரிண்ட்டோட ஹைப்போ டிரையர் துணியில ஏறிட்டா, அடுத்து வர்ற நல்ல பிரிண்ட்டுக்கெல்லாம் அது தொத்தும், பின்னாடி மஞ்சளாகும். நமக்கு யாருக்கும் சாயங்காலம் டெலிவரி இல்லையே, அப்புறம் எதுக்கு இந்த ரிஸ்க்?

"சரி, நீ என்னதான் பண்ணுவே?"

சுத்தமான கண்ணாடி மேல பிரிண்ட்டை வெச்சு, மெத்துனு இருக்குற ரப்பர் பிளேடால முதல்ல பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் லேசா ஒரு இழுப்பு. அதுக்கு முன்னாடி பிளேடையும் கண்ணாடியையும் கழுவணும். ஒரே ஒரு மணல் துகள் போதும், முழு நீளத்துக்குக் கோடு போட. போர் தண்ணி சொட்டு அப்படியே காஞ்சா வெள்ளைத் திட்டு நிக்கும், அதனால கடைசி முக்கு டிஸ்டில்டு வாட்டர்ல.

ஆர்.சி.ன்னா நாலு ரீப்பர் கட்டையில கொசுவலையை இழுத்து அடிச்சு, அது மேல படம் மேல பாக்குற மாதிரி போட்டுடுவேன். ஃபைபர்னா ரெண்டு பிரிண்ட்டை முதுகோட முதுகு சேர்த்து, நாலு மூலையிலும் கிளிப் போட்டுக் கொடியில தொங்க விடுவேன். ஒண்ணு சுருளப் பாத்தா இன்னொண்ணு எதிர்ப்பக்கம் இழுக்கும். ஃபேன் ஆஃப், கதவு சாத்தி, ராத்திரி முழுக்க. மிச்சம் இருக்குற அலை, ரெண்டு சுத்தமான அட்டைக்கு நடுவுல வெச்சு பாரம் ஏத்தினா சில நாள்ல அடங்கிடும். தகடு இல்லாம காஞ்ச ஃபைபர் பிரிண்ட்டோட அடக்கமான பளபளப்பை ஒரு தடவை பாத்துட்டு என்கிட்ட பேச வாங்க.

ஒரே ஒரு சலுகை தர்றேன். ஈரத்துல பளிச்சுனு தெரியுற படம் காஞ்சதும் ஒரு சுத்து இருட்டாகும். அதைக் கணக்குப் பாக்க டெஸ்ட் ஸ்ட்ரிப்பை தாராளமா ஹேர் டிரையர்ல காட்டுங்க, எப்படியும் குப்பைக்குத்தானே போகுது.

இப்போ ரெண்டாவது கோஷ்டிக்கு. உங்க வீட்டு ஆல்பத்துல இருக்குற பழைய ஸ்டுடியோ போட்டோவும், லேப்ல போட்ட கலர் பிரிண்ட்டும் இதே ஜெலட்டின்தான். (வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் வேற கதை.) வெள்ளத்துல நனைஞ்சா கட்டா அடுக்கி வெயில்ல வைக்காதீங்க, செங்கல் மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் பிச்சு எடுத்தா முகமே அடுத்த போட்டோ முதுகுல போயிடும். ஈரமா இருக்கும்போதே சுத்தமான பச்சைத் தண்ணில போட்டு, ரொம்ப நேரம் ஊற விடாம, ஓரத்தை மட்டும் பிடிச்சுப் பிரிச்சு, படம் மேல பாக்குற மாதிரி நிழல்ல போடுங்க. மேல எதையும் ஒத்தாதீங்க, துடைக்காதீங்க.

இருட்டுல நாம அஞ்சு மணி நேரம் உழைக்கிறது அந்த ஒரு தாளுக்காகத்தான். அதுக்கு இன்னும் ஒரு ராத்திரி கொடுத்தா குடியா முழுகிடும்?

டிஸ்கி: கொசுவலையை வீட்ல கேட்டுட்டு எடுங்க. கேக்காம எடுத்தா அப்புறம் நடக்குற சண்டைக்கு நான் பொறுப்பில்ல :-)