யன்னலோரத்து அந்தூரியம்

பல்லேகலப் பக்கத்து வீடுகள் பலவற்றின் முன்கூடத்திலே அந்தூரியச் சாடியொன்று அழகு செய்வதைக் காண்கிறோம். பூவென்று நாம் போற்றும் அச்செம்மடல் உண்மையில் பூவன்று. இலை திரிந்து அமைந்ததே அது. நடுவில் நிற்கும் தண்டினை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், நெருங்கிச் செறிந்த நுண்பூக்களை மாணவர்கள் காணலாம்.

கொலம்பியாவின் காடுகளிலே 1876ஆம் ஆண்டு எதுவார் அந்திரே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த இச்செடி, அங்கே பெரும்பாலும் மரங்களைப் பற்றி வாழ்வது. ஆதலின் அதன் வேர் காற்றை விரும்பும். நம்மவரோ தோட்டத்து மண்ணைச் சாடி நிறைய அமுக்கி, காலையும் மாலையும் நீர் வார்க்கின்றனர். வேர் அழுகி இலை மஞ்சளித்தால், தாகமென்று எண்ணி மேலும் வார்க்கின்றனர்! வரட்சியால் மாளும் சாடிச் செடிகளிலும் இவ்வாறு மாள்வனவே மிகுதி என்பது எமது எண்ணம். பொச்சுத் துண்டு, கரி, உடைத்த செங்கல் ஆகியவற்றைக் கலந்து நட்டு, மேற்பரப்பு உலரத் தொடங்கிய பின்னரே நீர் விடுக. வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர்வெயில் இலையைக் கருக்கிவிடும். இருண்ட மூலையிலோ இலை தழைக்கும், பூ வராது.

கருணைக்கிழங்கு, சேம்பு ஆகியவற்றின் குடும்பமே இது. நாவை அரிக்கும் அதே ஊசிப் படிகங்கள் இதிலும் உள. தவழும் குழந்தையுள்ள வீட்டில் சாடியை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

தண்டு நீண்டு சாய்ந்த முதிய செடியை எறிந்துவிட வேண்டாம். வேர் விட்ட நுனிப் பகுதியை வெட்டி வேறு சாடியில் நடுக. அடிக்கட்டையும் பெரும்பாலும் புதுத் தளிர் விடும்.