கடல் கடந்த அம்மையார்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தோர் நாம். நொறுங்கிய வாழ்வை மீண்டும் கட்டிக்கொண்டு கடல் கடந்து வந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார்.

1867-இல் ஆங்கிலப் பாதிரியார் ஒருவரை மணந்தார், இல்லறம் கசந்தது. 1871-இல் கக்குவான் கண்ட மகளைக் கண்விழித்துக் காத்தவர், பின்னர் உடலும் உள்ளமும் தளர்ந்து வாரக்கணக்கில் படுக்கையிற் கிடந்தார். 1873-இல் கணவரைப் பிரிந்தார். 1878-இல் நீதிமன்றம் மகளையும் பறித்தது. தெய்வ நம்பிக்கையற்றவர் என்பதும் ஒரு காரணமாம்! (வயது வந்தபின் மக்கள் இருவரும் தாயிடமே மீண்டனர்.)

1893 நவம்பரில் தூத்துக்குடியில் இறங்கியபோது அவருக்கு வயது 46. சேலை உடுத்தார்; 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி கண்டார்; இந்நாட்டையே வீடாகக் கொண்டு, 1933-இல் அடையாற்றில் மறைந்தார்.

முன்பதிவுச் சாளரத்தில் கைக்குழந்தையுடன் தனியே வந்து ஊருக்குச் சீட்டுக் கேட்கும் நம் பெண்களிடம், ‘திரும்புவது எந்நாள்?’ என வினவுவது என் வழக்கம். அம்மையார் வரலாற்றைப் பயின்றபின் வினவுவதில்லை.